எட்ட நின்று எடுத்த கச்சேரி

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் போட்டோ ஸ்டுடியோ கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு குறுக்குச் சந்தில் இருந்தது. கல்யாணங்களுக்கு என் வீட்டுக்காரர் போவார். பாஸ்போர்ட் படமும், குழந்தைகள் படமும், இருட்டறை வேலையும் என் பங்கு. அந்தப் பங்கீடு எனக்கு வசதியாக இருந்தது. இருட்டறைக்குள் கூட்டம் வராது.

கூட்டம் என்றால் எனக்குப் பயம். பிடிக்காது என்ற அளவில் இல்லை, பயம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது புதுப்படம் வந்த நாளில் தியேட்டரின் பெண்கள் டிக்கெட் சந்துக்குள் மாட்டிக்கொண்டேன். இரண்டு பக்கமும் சுவர், தலைக்கு மேலே கம்பி வலை. கவுன்ட்டர் திறந்ததும் பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள். என் கால் தரையில் படவில்லை. நெஞ்சு சுவரோடு அழுந்தி, உள்ளே இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. யாரோ ஒரு அக்கா என் சடையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். அதற்குப் பிறகு தேரோட்டம், பொருட்காட்சி, தீபாவளி நேரத்து ஒப்பணக்கார வீதி எல்லாவற்றுக்கும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன். வீட்டை விட்டு வெளியே வரப் பிடிக்காதவள் என்று என் வீட்டுக்காரர் நினைத்திருந்தார். நானும் திருத்தவில்லை.

அவருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்த சமயத்தில்தான் கோட்டைமேட்டிலிருந்து ஓர் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துபவர் வந்தார். கீபோர்டும் அவரே வாசிப்பார். அவர்களுடைய பாட்டுகளைக் கேசட்டாகப் போடப் போகிறார்களாம்.

"அட்டைக்குப் படம் வேணுமுங்கம்மா. மேடையில பாடறப்ப எடுத்ததா இருக்கோணும். இங்க நிக்க வெச்சு எடுத்தா கல்யாணப் பொண்ணாட்டத்தான் இருக்கும்" என்றார்.

"அவருக்கு ஒடம்பு சரியில்லைங்களே."

"நீங்களே வாங்க. நீங்க எடுத்த கொழந்தைப் படமெல்லாம் பாத்துட்டுத்தானுங்க வந்தேன். ஆனா ஒண்ணு, பிளாஷ் மட்டும் கூடாதுங்க. எங்க பாட்டுக்காரப் பொண்ணுக்கு அந்த வெளிச்சம் மூஞ்சில அடிச்சா செத்த நேரம் கண்ணே தெரியறதில்லை. போன வருசம் மேடை விளிம்புல காலு வழுக்கி விழுந்துபோட்டா. இப்பவும் பிளாஷக் கண்டா நடுங்கறா."

உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர், "அவ வருவாளுங்க" என்று குரல் கொடுத்தார். என்னால் மறுக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் அவர் கட்டிலில் சாய்ந்தபடியே லென்ஸ்களைப் போர்வை மேல் பரப்பினார். எங்களிடம் இருந்தவற்றில் கச்சேரிக்கு ஆவது இரண்டுதான். ஒன்று, சாதாரணமாகக் கேமராவோடு வரும் ஐம்பது எம்.எம். வாய் நன்றாகத் திறக்கும், குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும். ஆனால் பாடுகிறவரின் முகம் தெரிய வேண்டுமானால் மேடைக்கு ஒட்டிப் போய் நிற்க வேண்டும். இன்னொன்று, நூற்று முப்பத்தைந்து. எட்ட நின்றாலும் முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். ஆனால் கனம், வெளிச்சம் அதிகம் கேட்கும், கை துளி ஆடினாலும் படம் கலங்கிவிடும்.

"அம்பது போதும் அம்மிணி. மேடைக்கு முன்னால போயி நின்னுக்க. பிளாஷ் இல்லாம எடுக்கறதுக்கு அதுதான் லாயக்கு."

மேடைக்கும் எனக்கும் நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள், சரி. முதுகுக்குப் பின்னால்? தலை ஆட்டிவிட்டு, நூற்று முப்பத்தைந்தைப் பைக்குள் வைத்தேன். ஏதாவது அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பிளாஷையும் போட்டுக்கொண்டேன்.

முதல் கச்சேரி பெருந்துறையில். மைதானத்தின் கடைசியில், வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்று எடுத்தேன். கழுவிப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. சிவப்பும் நீலமுமாக ஒரு தீற்றல். கை அப்படி நடுங்கியிருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ராக்காரர் கோபப்படவில்லை. "அடுத்த வாரம் உடுமலையில இருக்குதுங்க, பாத்துக்கலாம்" என்றார்.

உடுமலைப்பேட்டைக் கச்சேரி ஒரு தேங்காய் குடோனை ஒட்டிய காலி இடத்தில் நடந்தது. இந்தமுறை கேமராவை நிறுத்த ஸ்டாண்டும் கொண்டுபோயிருந்தேன். குடோனுக்கு வெளிப்பக்கமாக மாடிக்குப் போகும் படிக்கட்டு ஒன்று இருந்தது. அதன் நடுவில், திரும்பும் இடத்தில், ஒரு சின்னத் தளம். அங்கே ஸ்டாண்டை விரித்தேன். கீழே தலைகள். மட்டை மணமும் வேர்வையும் மேலே ஏறி வந்தன. அந்த உயரத்தில் யாரும் என்னைத் தொட முடியாது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

பொழுது இறங்கும் நேரத்தில் ஆரம்பித்தார்கள். மேடையின் இரு பக்கமும் சவுக்குக் கம்புகளில் சாரம் கட்டி, அதன் மேல் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அந்தப் பெண் பச்சைச் சேலையில் மைக்கைப் பிடித்து நின்றாள். லென்ஸ் வழியாக அவள் நெற்றிப்பொட்டின் ஓரம் வேர்வையில் கரைவதுகூடத் தெரிந்தது. சில படங்கள் எடுத்தேன். இந்தமுறை வந்துவிடும் என்று ஒரு நிம்மதி.

அப்போதுதான் அவள் தோளுக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது போல் இருந்தது. லென்ஸை மெல்ல அந்தப் பக்கம் திருப்பினேன். வலப்பக்கத்துச் சாரத்தில் பையன்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், நன்றாகத் தெரியட்டும் என்று. பாட்டுக்கு ஏற்ப அவர்கள் ஆட, சாரமும் ஆடியது. சாரத்தைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்த கயிறு தொய்ந்து தொங்கியது. கம்பு ஒன்று அதன் கட்டிலிருந்து பாதி நழுவியிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இன்னும் கொஞ்சம் நழுவியது. மேலே இருந்த பெட்டி கூட்டத்தின் பக்கமாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே பெண்களும் குழந்தைகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

லென்ஸிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சாரம் நேராகத்தான் நின்றது போல் இருந்தது. மறுபடி கண்ணை வைத்தேன். கம்பு நழுவிக்கொண்டிருந்தது. அங்கிருந்த அத்தனை பேரில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஸ்டாண்டோடு கேமராவை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கினேன். கடைசிப் படியில் கூட்டத்தின் முதுகுகள். கால் அதற்கு மேல் போகவில்லை. அந்தச் சந்துச் சுவர் மறுபடி நெஞ்சில் வந்து அழுந்தியது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏனுங்க, அந்தச் சாரம் சாயுதுங்க! பெட்டி உழுகப் போகுதுங்க!"

அவர் காதைப் பக்கத்தில் கொண்டுவந்தார். பாதிதான் கேட்டிருக்க வேண்டும். "பொம்பளைங்க எடம் முன்னால இருக்குதுங்க அம்மிணி. இப்பிடிக்கா சுத்திப் போங்க" என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

சுற்றிப் போக நேரம் இல்லை. உள்ளே நுழைய எனக்குத் தைரியம் இல்லை. திரும்பிப் படியேறி ஓடினேன். பாட்டு நின்றால்தான் என் குரல் கேட்கும் என்று பைக்குள் கைவிட்டுப் பிளாஷை எடுத்தேன். பொத்தானில் விரலை வைத்த பிறகு அந்தப் பெண் மேடை விளிம்பில் நிற்பதைப் பார்த்தேன். கண் தெரியாமல் ஒரு எட்டு முன்னால் வைத்தால் விழுந்துவிடுவாள். பெட்டி விழுந்தால் கீழே இருப்பவர்கள் நசுங்கிவிடுவார்கள். யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். கை அமுக்கிவிட்டது.

வெள்ளை வெளிச்சம் கூட்டத்தின் மேல் அடித்து அணைந்தது. அவள் பாட்டு ஓர் இடத்தில் தட்டியது, ஆனால் நிற்கவில்லை. பிளாஷ் மறுபடி சக்தி ஏறும் வரை மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம் போடும். அது முடிவதற்குள் எனக்கு உயிர் போய்விடும் போல இருந்தது. தயார் என்று காட்டும் அதன் சின்ன விளக்கு எரிந்ததும் மறுபடி அடித்தேன். அவள் இரண்டு கையாலும் மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. கூட்டம் ஊளையிட்டது. ஆர்க்கெஸ்ட்ராக்காரர் கீபோர்டை விட்டு எழுந்து என் பக்கம் பார்த்துக் கையை ஓங்கினார்.

அந்த இடைவெளியில் நான் கத்தினேன். "சாரம்! அந்தச் சாரத்தப் பாருங்க! பசங்கள எறக்குங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடுங்கி, பதறாத குரலில் பேசினார். "அம்மாமாருங்க எல்லாரும் கொழந்தைகளத் தூக்கிட்டு நடுவால வாங்க. ஒண்ணும் ஓட வேண்டாங்க, மெதுவா வாங்க. தம்பிகளா, சாரத்துல இருந்து ஒவ்வொருத்தரா எறங்குங்க. குதிச்சறாதீங்க சாமி."

அவர் குரலால்தான் அவர்கள் ஓடாமல் இருந்தார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். ஓடியிருந்தால் பெட்டி விழுந்ததைவிட மோசமாகியிருக்கும். மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கூட்டம் நெருங்கி நடுவில் இறுகியது, அங்கே ஒரு குழந்தை வீறிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்திருந்த என் நகம் ஒன்று ஒடிந்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது. கடைசிப் பையன் இறங்கும்போதே சாரம் முனகியது. எல்லாரும் நினைப்பது போல் அது திடீரென்று சரியவில்லை. யாரோ உட்காரப் போவது போல மெல்லக் குனிந்தது. பிறகு பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காலி மண்ணில் விழுந்தன. அந்தப் பையனின் கணுக்காலில் கம்பு ஒன்று அடித்துவிட்டது. அவனை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கூட்டம் கலையும்வரை நான் இறங்கவில்லை. அந்தப் பெண்தான் படியேறி வந்தாள். கண்கள் இன்னும் கலங்கியிருந்தன. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மொத பிளாஷுக்கே உங்களக் கண்டமேனிக்குத் திட்டிபோட்டேனுங்க அக்கா. மனசுக்குள்ள" என்றாள்.

"இப்பக் கண்ணு தெரியுதுங்களா?"

"செவப்பா ஒரு வட்டம் சுத்துது. அது போயிரும். நீங்க ஏனுங்க இப்பிடி நடுங்கறீங்க?"

அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். டிக்கெட் சந்து, கம்பி வலை, அந்த அக்கா, எல்லாம். அவள் சிரிக்கவில்லை. "அப்ப எதுக்குங்க கூட்டத்துக்கு அந்தப்பக்கம் நிக்கறீங்க? எங்க பக்கம் வந்திருங்க. மேடை மேல யாரும் நெருக்க மாட்டாங்க" என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. கூட்டத்துக்குள்ளே நிற்பது, கூட்டத்துக்குப் பின்னால் நிற்பது என்ற இரண்டை மட்டும் வைத்தே எந்த லென்ஸ் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கச்சேரி ஆனைமலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். கேமராவில் ஐம்பதைப் போட்டுக்கொண்டு, கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். முகத்தின் ஒரு பாதியும், காதின் ஜிமிக்கியும், மைக்கின் மேல் வளைந்த விரல்களும் அப்படியே லென்ஸுக்குள் வந்து விழுந்தன. அதுதான் பிறகு கேசட் அட்டையில் வந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "நாந்தான் அம்பதுன்னு சொன்னேன்ல" என்றார். அப்போது அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தன நாளா தேருக்கு வான்னு உன்னயப் பாடாப் படுத்தியிருக்கறேன்" என்றார்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. மேடை மேல் உட்கார்ந்தால் கூட்டம் முழுக்க என்னையே பார்ப்பது போல் இருக்கும். கைதட்டல் எழும்போதெல்லாம் ஒரு கணம் மூச்சு நிற்கும். பிறகு அடுத்த படத்துக்கு ஃபோக்கஸ் வளையத்தைத் திருப்புவேன்.