மெனுவில் நின்ற அம்மா

அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து நான் புறப்படும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மனே, தங்கச்சிட கலியாண வீடியோவில கொம்மா இரிப்பாதானே? ஒருக்காப் பாக்க ஏலுமா?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். நான் மட்டக்களப்பு டவுனுக்குப் போனேன். களுவாஞ்சிக்குடி வீடு தங்கைக்குச் சீதனமாகப் போக, அப்பாவும் அம்மாவும் அதே வளவில் பின்பக்கம் ஓர் அறையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அறையில் ஒரு பெட்டி டிவியும் பழைய டிவிடி பிளேயரும் உண்டு. தங்கை கைப்பேசியில் காட்டப் பார்த்தாள். "எறும்பு ஊர்ற மாதிரி இரிக்கி" என்று அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு காலத்தில் கூட்டாளிமாரின் வீட்டுச் சாமத்தியச் சடங்குகளுக்கெல்லாம் டிவிடி செய்து கொடுத்தவன் நான். அந்தத் தலைக்கனத்தோடுதான் தங்கையின் கலியாண வீடியோவை எடுத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன். மூன்றரை மணி நேர வீடியோவில் அம்மா இருந்தது நாலு நிமிடம். அதிலும் பாதி முதுகு. மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தைக்கூட வீடியோக்காரர் மூன்று தரம் கிட்டப்போய் எடுத்திருந்தார். பெண்ணைப் பெற்றவள் அன்று முழுக்க அடுப்படியில் நின்றிருக்கிறாள். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகுதான் நினைவு வந்தது, அன்று நானும் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நாலு நிமிடத்தையும் வெட்டி ஒட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். கெட்டிக்காரத்தனம் விடவில்லை, முன்னால் ஒரு மெனு வைத்தேன். அடுப்படி வாசலில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி அம்மா திரும்புகிறாள். "என்னை எடுக்காத மனே, அங்கால போய்ப் பொண்ணு மாப்பிளைய எடு" என்று வீடியோக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள். பத்து வினாடிதான், திரும்பத் திரும்ப ஓடும். கீழே 'பார்க்க' என்று எழுதியிருக்கும். அதைத் தெரிவுசெய்து அழுத்தினால்தான் மிச்சம் வரும்.

முதல் டிஸ்க்கை நானே பஸ்ஸில் கொண்டுபோனேன். அப்பா தோய்த்த சேர்ட் போட்டுக்கொண்டு கதிரையில் வந்து உட்கார்ந்தார். பிளேயர் டிஸ்க்கை விழுங்கி, கரகரவென்று தேடி, டிஸ்க்கே இல்லை என்று காட்டியது. துடைத்துப் போட்டேன், திருப்பிப் போட்டேன், மசியவில்லை.

"அவவுக்குப் படமெண்டாலே பிடிக்காதே மனே" என்று அப்பா என்னைத் தேற்றினார்.

வெற்று டிஸ்க்கில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு வகை. பழைய பிளேயர்கள் பலவற்றுக்குப் பிளஸ் ஒத்துவராது. டவுன் கடையொன்றில் தூசு படிந்து கிடந்த மைனஸ் டிஸ்க்குகளைத் தேடிப் பிடித்தேன். ஆகக் குறைந்த வேகத்தில் எழுதி, வேறு பிளேயரிலும் ஓடும்படி கடைசியில் டிஸ்க்கை மூடவும் மறக்காமல், டவுனுக்கு வந்த மச்சானிடம் கொடுத்தனுப்பினேன்.

"வேலை செய்யுதா அப்பா?" என்று போனில் கேட்டேன்.

"ஓம் மனே, நல்லா வேல செய்யுது. ஒரு நாளைக்கு நாலஞ்சு தரம் பாக்கன்."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமையிலேயே இரண்டு மாதம் போகாமல் இருந்துவிட்டேன்.

போன அன்று வளவுக்குள் நுழையும்போதே அம்மாவின் குரல் கேட்டது. "என்னை எடுக்காத மனே..." அப்பா டிவியைப் பார்த்து, "ஒரு படம் எடுத்தாக் குறைஞ்சா போயிருவாய்?" என்றார். அம்மா மறுபடி திரும்பினாள். அப்பா மறுபடி அதையே சொல்லிச் சிரித்தார். நான் வாசலில் நின்றுவிட்டேன். இரண்டு மாதமாக அவர் பார்த்துக்கொண்டிருந்தது மெனுவை.

ரிமோட்டை வாங்கி அழுத்திப் பார்த்தேன். நடுப் பட்டன் செத்துக் கிடந்தது. பிளேயரில் இருந்த பட்டன்களும் உதவவில்லை.

"இன்னும் இரிக்கி அப்பா. இது தொடக்கம்தான்."

"இன்னும் இரிக்கா?" என்று கேட்டபோது அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த கிழமை மெனு இல்லாத டிஸ்க்கோடு போனேன். போட்டவுடனே ஓடியது. அம்மா சோற்றுக் கிடாரத்தைப் பிடித்து இறக்கினாள். யாரோ சொன்னதற்கு வாயைப் பொத்திச் சிரித்தாள். தங்கையின் கூந்தலில் பூவைச் சரிசெய்தாள். பிறகு வெறும் சட்டியொன்றை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். திரை நீலமானது.

"முடிஞ்சிதா?"

"ஓம் அப்பா."

அப்பா நீலத் திரையைக் கையால் காட்டினார். "உள்ள போயிட்டா" என்றார். பிறகு, "பழையதப் போடு மனே. அதில அவ போறதில்ல."

போட்டேன். அம்மா வாசலுக்கு வந்து முகத்தைத் துடைத்தாள். "என்னை எடுக்காத மனே" என்றாள். நான் அப்பாவின் வாயைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரமும் சொல்லவில்லை.

மூன்றாம் தரம் அம்மா திரும்பும்போது, "நிப்பாட்டு மனே. இனி அவ உள்ள போயிருவா" என்றார்.