மடியில் முடிந்த பேட்டரி

பெரியபட்டினம் கரையில் பாய்மரப் படகுப் போட்டி பார்க்க ஒரு பாய் வந்திருந்தார். ஒல்லியான ஆள். கையில் குட்டி டிஜிட்டல் கேமரா. பேட்டரியை மட்டும் கழற்றிக் கைலி மடியில் முடிந்திருந்தார்.

"என்ன பாய், முட்டையா அடைகாக்குறீய?" படகில் ஏறப்போன நான் கேலி செய்தேன்.

"வேணுங்கிறப்ப போட்டாத்தான்ப்பா சார்ஜு நிக்கும்."

எங்கள் படகும் பக்கத்து ஊர்ப் படகும் ஒன்றாக எல்லைக் கொடியைத் தாண்டின. யார் முதல் என்று கரையில் ஒரே சண்டை. காலையிலிருந்து படமெடுத்தவர்களின் கேமராக்கள் எல்லாம் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தன. பாய் மட்டும் திரையைப் போடாமல், கேமராவின் கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்த்து ஒரே படம் எடுத்திருந்தார். காட்டினார். எங்கள் படகின் மூக்கு ஒரு முழம் முன்னால்!

கரையே கத்தியது. "இன்னொருக்கா காட்டுங்க பாய்!"

"செயிச்சது தெரிஞ்சிருச்சுல்ல? அடுத்த போட்டி இருக்கு" என்று பேட்டரியைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டார்.

நாங்கள் ஜெயித்ததற்கு அந்த ஒரு படம்தான் சாட்சி. அதை ஒரு மூச்சு நேரம்தான் பார்த்தேன். அவர் பேரைக்கூடக் கேட்கவில்லை.