பக்கத்து அபார்ட்மெண்ட் ராஜதந்திரி

எங்கள் பள்ளியில் வருடத்துக்கு ஒரு நாள், வீட்டுப் பெரியவர்கள் வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். யார் கண்டுபிடித்த கொடுமையோ! நான்காம் வகுப்பில் என் முறை வந்தபோது அப்பா வழக்கம்போல டெக்ஸாஸில் இருந்தார். ஞாயிறு மாலை பறந்துபோய் வெள்ளி இரவு திரும்புகிற கன்சல்டிங் உத்தியோகம். இன்று நானும் அதே உத்தியோகத்தில்தான் களைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது வேறு கதை. கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தவர், கடைசியில் மீட்டிங் என்றார். நீயாவது வா என்று அம்மாவிடம் அழுதேன்.

"நான் வந்து என்னடி பேசறது? சாம்பார் வைக்கறதப் பத்தியா?" என்றாள். அவளுடைய விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. பிறகு அவளே, "பக்கத்து வீட்டு சைனீஸ் அங்கிளக் கேக்கட்டுமா? பெரிய வேலைல இருந்து ரிடையர் ஆனவராம்" என்றாள்.

நாங்கள் குடியிருந்த பிஸ்கட்டவே ஊரில் எங்களுக்கு அடுத்த அபார்ட்மெண்டில், பேத்தியைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்கு வந்திருந்தவர் அவர். தினமும் குழந்தைத் தள்ளுவண்டியோடு பார்க்கிங் லாட்டைச் சுற்றுவார். அம்மாவும் கூட நடப்பாள். சீன வெளியுறவுத் துறையில் முப்பது வருடம் தெற்காசிய விவகாரங்களைக் கவனித்தவராம். எனக்கென்ன வந்தது? கோட்டுப் போட்ட யாராவது ஒருவர் வந்தால் போதும்.

கோட்டுப் போட்டுத்தான் வந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் மகள் லீவு போட்டு, குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு அவரைக் கூட்டிவந்து, வகுப்பின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவருக்கு முன்னால் பேசிய தீயணைப்பு வீரர் தன் ஹெல்மெட்டை ஆளாளுக்கு மாட்டி அழகு பார்த்துவிட்டுப் போயிருந்தார். இவர் கொண்டுவந்தது ஒரு மேப். நான்கு நாடுகளைத் தொட்டுக் காட்டினார். அங்கே என்ன செய்தீர்கள் என்று டீச்சர் கேட்டதற்கு, மற்றவர்கள் பேசியதைக் கேட்டேன், எழுதி அனுப்பினேன், அடுத்த நாட்டுக்குப் போனேன் என்றார். வேலையில் சேர்ந்தபோது நடந்துகொண்டிருந்த ஒரு பேச்சுவார்த்தை, அவர் ரிடையர் ஆகும்போதும் முடியவில்லையாம். அவ்வளவுதான்! பையன்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

என் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, உங்கள் குழந்தைகளும் கூட வந்தார்களா என்று கேட்டாள். கூட்டிக்கொண்டு போகிற மாதிரியான வேலை இல்லை, மகள் ஊரில் விடுதியில் வளர்ந்தாள் என்றார். கேட்டவள் விடுகிற மாதிரி இல்லை. எத்தனை வருடம் என்றாள். அவர் மேப்பைப் பார்த்தார்.

"பதினொன்று" என்றாள் பின்னாலிருந்து மகள். சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவளைப்போல வெளியே போனாள். அவர் மேப்பை மடிக்கத் தொடங்கினார். வெகுநேரம் மடித்தார்.

சாயங்காலம் போனில் அப்பா, "எப்படிம்மா போச்சு?" என்று ஆசையாகக் கேட்டார். எனக்கிருந்த கோபத்தில் பொரிந்து தள்ளினேன். "வேஸ்ட்ப்பா! அவர் ஒண்ணுமே பண்ணல. ஊர் ஊரா மீட்டிங்குக்குப் போனாராம். சொந்தப் பொண்ணு வளந்ததையே பாக்கலையாம். அதெல்லாம் ஒரு வேலையா?"

மறுமுனையில் சத்தமே இல்லை. ஹலோ, ஹலோ என்று இரண்டு தடவை கத்திப் பார்த்தேன். "லைன் கட் ஆயிடுச்சும்மா" என்று அம்மாவிடம் சொல்லி, போனை வைத்துவிட்டு டிவி பார்க்கப் போனேன்.