பசுமைக் கட்சிக்கு எந்த நிறத்தில் பனியன்?

என் தப்பையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அப்பாவின் பனியன் கம்பெனிக்கு ஸ்பெயினில் உள்ள ஒரு பசுமைக் கட்சியிடமிருந்து முதல் ஆர்டர். ஆங்கில மெயிலை வாசித்துச் சொல்வது என் வேலை.

"பச்சை பனியன் வேணுமாம்ப்பா" என்று நேற்று சொன்னேன்.

இன்று பள்ளி விட்டு வந்து இணையத்தில் அந்தக் கட்சியைத் தேடினேன். ஊருக்கு ஊர் சிதறியிருந்த சிறு குழுக்கள் சேர்ந்து உருவானதாம். மெயிலை மறுபடி படித்தேன். அவர்கள் 'கிரீன்' என்று கேட்டது பச்சை நிறமல்ல, ஆற்றைக் கெடுக்காத, சாயமே போடாத துணி!

துணியோ சாயப்பட்டறைக்குப் போய்விட்டது. சாயத்தில் நனைந்தால் ஆர்டர் போச்சு.

நான் ஓடிப்போய்ச் சொன்னதும் அப்பா பதறி, துணி கொண்டுபோன வேன் டிரைவருக்கு போன் போட்டார். "துணிய எறக்கீட்டீங்களா?"

"இல்ல மொதலாளி, வாசல்ல டீ குடிச்சுக்கிட்டு நிக்கேன்."

"நல்லாக் குடிங்க! குடிச்சுப்போட்டு வேனைத் திருப்புங்க!"

பிறகு என்னிடம், "அவங்க எலக்சன்ல ஜெயிப்பாங்களா கண்ணு?"

"தனியா நின்னா கஷ்டமாம்ப்பா. கூட்டணி தேடறாங்களாம்."

"அட, நம்மூருக் கட்சியாட்டமே!"

இதை எழுதும்போதே, "பசுமைக் கட்சிக்குத் தைக்கறம், கரண்ட்டை வீணாக்கலாமா?" என்று சொல்லிக்கொண்டே அப்பா வந்தார். எழுத்துப்பிழை இருந்தால் நீங்களே சொல்லுங்கள். விளக்கை அணைத்துவிட்டார்.