பிரமணி கூர் தீட்டிய வாள்

காக்சிங் ஊரில் பிரமணியின் கொல்லுப்பட்டறைக்குப் போனால் அவன் இடது கையைப் பாருங்கள். மூன்றே விரல். மற்ற இரண்டும் என் கண்முன்னால் விழுந்தவை. அன்று திருவிழா வாளாட்டத்துக்கு முரசு அடித்தவன் நான்தான். நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

பிரமணி குடித்துவிட்டு, எங்கள் ஊர்த் தோண்டோனின் தம்பியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனான். வண்டி வாய்க்காலில் கவிழ்ந்தது. தம்பி தண்ணீரில் மூழ்கிக் கிடக்க, இவன் பயந்து ஓடிவிட்டான். வெட்கங்கெட்டவன். தம்பி செத்துப்போனான்.

தோண்டோன் ஒரு வருஷம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னால் பட்டறைக்கு வந்து, தன் ஆட்டத்து வாளை நீட்டினான். ஆட்டத்து வாள் எப்போதும் மழுங்கலாகத்தான் இருக்கும்.

"சாணை பிடிச்சுக் குடு."

"ஆட்டத்துக்கு எதுக்குடா கூர்?"

"யாரோட ஆடப்போறேன்னு தெரியுமில்ல?"

தெரியும். வாளாட்டத்தில் அவனுக்கு ஜோடி பிரமணிதான். பிரமணி கல்லை நனைத்தான். மயிர் சிரைக்கிற அளவுக்குத் தீட்டி, எண்ணெய் தடவிக் கொடுத்தான்.

தோண்டோன் போனதும், பட்டறையில் இருந்த நான் கேட்டேன். "புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? எங்கயாவது ஓடிடு."

"ஒரு தடவை ஓடினது போதும்ணே."

திருவிழா அன்று, வாளெடுக்கும் முன் ஆடும் இருவரும் ஒரே இலையில் சாப்பிடவேண்டும் என்பது வழக்கம். பிரமணியின் மனைவி சமைத்த மீனைத் தோண்டோன் நிதானமாக முள் எடுத்துத் தின்றான். "உப்பு கம்மி," என்றான்.

ஆட்டத்தில் முதலில் வெட்டுவது மூத்தவன். பிரமணி இரண்டு மாதம் மூத்தவன். தோண்டோன் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றான். பிரமணியோ வாளையும் கேடயத்தையும் கீழே வைத்துவிட்டான்.

"என் வெட்டை உனக்குக் குடுத்துட்டேன். வெட்டு."

புது ஆட்டம் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. ஆடும் இருவரைத் தவிர, என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நிறுத்தாமல், பாழாய்ப்போன பழக்கத்தில் தாளத்தை முடுக்கினேன்.

வாள் கழுத்துக்கு வந்தது. பிரமணி சாகத் துணிந்து நின்றவன்தான், ஆனால் அவன் இடது கை தானாக எழுந்துவிட்டது. இரண்டு விரல்கள் புழுதியில் விழுந்தன. முரசுத் தோலில் ரத்தம் தெறித்தது. தோண்டோன் மறுபடி ஓங்கினான். பிரமணி கையைக் கீழே தொங்கப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டான்.

வெட்டு விழவில்லை. தோண்டோன் வாளை வீசியெறிந்துவிட்டு அவனைக் கீழே தள்ளி, மார்பில் ஏறி, முகம் கிழிய முஷ்டியால் குத்தினான்.

"என் தம்பியும் இப்படித்தானேடா கையத் தூக்கியிருப்பான்? யாராவது பிடிப்பாங்கன்னு தானே தூக்கியிருப்பான்?"

பிரமணி அழுதான். பிறகு தோண்டோனே தன் தலைப்பாகையை அவிழ்த்து அந்தக் கையை இறுக்கிக் கட்டினான்.

மூன்று விரலால் இடுக்கி பிடிக்க முடியாது. இப்போது பட்டறையில் இடுக்கி பிடிப்பது தோண்டோன். இருவரும் அதிகம் பேசுவதில்லை. போன வாரம் ஒருவன் ஆட்டத்து வாளைச் சாணை பிடிக்கக் கொண்டுவந்தான். இரண்டு பேரும் ஒன்றாக "முடியாது" என்றார்கள்.