மாஸ்டர் பாராட்டினால் ஆபத்து

“போ, போ… அவசரப்படாதே. ஒரே சீராப் போ” என்று தன் வயிற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார் மாஸ்டர். ஒரு கையில் தூக்கிப் பிடித்த பனியன், மறு கையில் இன்சுலின் பேனா. பொத்தானை அழுத்திய பிறகும் ஊசியை எடுக்காமல் பத்து எண்ணுகிறார். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மனிதர். உலகத்தில் உள்ள எதுவும் அவருக்குக் கற்றுக்கொள்ள வந்த ஆள்தான். மருந்தானாலும் மிரட்டல் உண்டு.

கார் ஓட்டக் கற்க வருகிறவர்களுக்கு மிரட்டல் இன்னும் தாராளம். “ஸ்டியரிங்கை ஏம்மா முறுக்குறீங்க, அதென்ன ஈரத் துணியா?” “கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு, பவுடர் போடவா?” லைசென்ஸ் வாங்கி இனிப்போடு வருகிறவரிடம்கூட, “ரோட்டை நினைச்சாத்தான் பாவமா இருக்கு” என்று சொல்லி அனுப்புவார். ‘நல்லா ஓட்டுறீங்க’ என்ற இரண்டு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. ஆனால் அவர் பக்கத்தில் ஒரு பிரேக் தனியாக இருக்கிறது. அதன்மேல் அவர் கால் எப்போதும் இருக்கும். அந்தக் காலை நம்பித்தான் அந்த வசவையெல்லாம் எல்லோரும் வாங்கிக்கொள்கிறார்கள்.

முன்பு இரண்டு வேளை ஊசி. சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாகப் படாத பாடு படுத்தியது. டாக்டரம்மா அதை மாற்றி, ஒருமுறை போட்டால் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் இன்சுலினைக் கொடுத்தார். சர்க்கரை திடீரென்று சரிகிற தொல்லை குறைந்தது. பரிசோதனை முடிவும் நன்றாகவே வந்தது. மாஸ்டருக்கு மட்டும் திருப்தியில்லை.

“போட்டா ஒண்ணுமே தெரியலையே டாக்டர். உள்ள போய் வேலை செய்யுதா, படுத்துத் தூங்குதா?”

“தெரியாம வேலை செய்யறதுதான் சார் இதோட குணமே.”

“சத்தமே வரலன்னா இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சுன்னு அர்த்தம். எனக்கா தெரியாது?”

இந்தச் சந்தேகம்தான் ஒரு நாள் காலை வேட்டு வைத்தது. ஊசி போட்ட கையோடு போன் வந்தது. பேசி முடித்ததும், போட்டோமா இல்லையா என்று குழப்பம். உடம்பைக் கேட்டுப் பார்த்தார். அது வாய் திறக்கவில்லை. சரி, போடவில்லை என்று முடிவு கட்டி இன்னொரு முழு அளவை ஏற்றிக்கொண்டார். காலைச் சாப்பாட்டையும் பாதியில் விட்டுவிட்டு வகுப்புகளுக்குப் போய்விட்டார்.

உச்சி வெயில் ஏறும்போது ஸ்டியரிங்கில் இருந்தவர் தையல்காரம்மா. இரண்டு முறை டெஸ்டில் கோட்டை விட்டவர். மாஸ்டர் செருமினாலே கியர் மாற்றிவிடுவார். அன்று வளைவில் திரும்பும்போது சக்கரம் நடைபாதையில் ஏறி இறங்கியது. வசவுக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

“அடடா, என்ன நெளிவு! என்ன சுளிவு!” என்றார் மாஸ்டர்.

தையல்காரம்மாவுக்குக் காது குளிர்ந்தது. ரவுண்டானா வந்தது. “இன்னொரு தடவை சுத்துங்க, அழகா இருக்கு” என்றார். சுற்றினார்கள். மறுபடியும் சுற்றினார்கள். மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டார்; வியர்வை வழிய வழிய, எதிரே வந்த பஸ்ஸுக்கு டாட்டா காட்டினார். பிரேக்கின்மேல் இப்போது யார் காலும் இல்லை. பாராட்டு மயக்கத்தில் தையல்காரம்மா அதைக் கவனிக்கவில்லை.

வீட்டில் பயன்படுத்திய ஊசிகளைக் கழற்றிப் போடும் டப்பாவைத் திறந்த மாஸ்டரின் மனைவி, காலையில்தான் காலி செய்த டப்பாவில் இரண்டு ஊசிகள் கிடப்பதைப் பார்த்து உடனே போன் செய்தார். காரின் ஸ்பீக்கரில் மாஸ்டரின் குரல் தேனாக ஒழுகியது: “சொல்லுங்க மகாராணி!”

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சொல் கேட்டறியாத அந்த அம்மாள் அலறினார். “ஐயோ, சுகர் இறங்கி மூளை குழம்பிடுச்சு! ஓட்டுறது யாரு? வண்டியை நிறுத்துங்க!”

“நல்லா ஓட்டுறேன்னு மாஸ்டரே சொன்னாரே…”

“அதனாலதாம்மா சொல்றேன், நிறுத்துங்க!”

பாராட்டு பொய்யாகிவிட்டதே என்று தையல்காரம்மாவுக்கு மனசு ஒரு பக்கம் வலித்தது. கை ஒரு பக்கம் வேலை செய்தது. பக்கத்துத் தெருவில், இரண்டு லாரிகளுக்கு நடுவே, நூல் பிடித்ததுபோல் காரைப் பின்னால் கொண்டுபோய்ச் செருகினார். அவசரத்துக்கென்று டேஷ்போர்டில் வைத்திருந்த ஜூஸ் பாக்கெட்டைப் பிரித்து, கொஞ்சிக் கெஞ்சிக் குடிக்க வைத்தார். மனைவி போனை வைக்கவேயில்லை. கால் மணி நேரம் போயிருக்கும். மாஸ்டர் காலைக் கீழே இறக்கினார், சுற்றிப் பார்த்தார்.

“இண்டிகேட்டர் யாரு போடுவா? உங்க தாத்தாவா?”

“அப்பாடா, வந்துட்டாரு” என்று போனில் அழுகையும் சிரிப்புமாகக் குரல் கேட்டது.

டாக்டரம்மாவிடம் பேசினார்கள். “நல்ல மருந்துதான். ஆனா ரெண்டு தடவை போட்டா அது என்ன பண்ணும்? சட்டுன்னு போயிடவும் போயிடாது, நாளைக்கு வரைக்கும் உள்ளயே இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடுங்க, அடிக்கடி சுகர் பாருங்க. அடுத்த ஊசி எப்பன்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் வண்டிப் பக்கம் போகக் கூடாது.”

“அப்ப வேலை செய்யுதுன்னு சொல்லுங்க!” என்றார் மாஸ்டர், ஒருவழியாகத் திருப்தியடைந்து.

அன்று முழுக்க ஸ்கூல் ஆபீஸ் நாற்காலியில் சிறைவாசம். மனைவி எதிரில், சர்க்கரை பார்க்கும் கருவியோடு காவல். பிஸ்கட்டுக்கு “தேங்க்ஸ்” என்றார். விரலில் ஒரு குத்து. “உனக்கும் அலைச்சல்தான்” என்றார், இன்னொரு குத்து. அதற்குமேல் மரியாதையாகப் பேசுவதையே விட்டுவிட்டார்.

சாயங்காலம் தையல்காரம்மா வந்தார். உடம்பு எப்படி என்று விசாரித்தார். போகாமல் நின்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அந்த ரெண்டு லாரிக்கு நடுவுல நிறுத்தினேனே மாஸ்டர்… நிஜமாவே எப்படி இருந்துச்சு?”

மாஸ்டர் அவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, வாயைத் திறக்கும் முன், தன் விரலை மனைவியின் கருவிக்கு நேரே நீட்டினார்.