உள்ளங்கையைப் பார்த்தவர்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் இன்றைக்கும் அந்தப் பந்து வருகிறது. மேலே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, வளையத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நிற்கிறது, கீழே வர மறந்துவிடுகிறது. சுற்றிலும் எங்கள் தெரு ஜனம். யாருக்கும் முகம் சரியாகத் தெரிவதில்லை. பக்கத்தில் எங்கேயோ தறிச் சத்தம் கேட்கும், விழித்துக்கொள்வேன். கனவில் அந்தப் பந்து எவ்வளவு அழகாகப் போகிறது! நிஜத்தில் அதை நான் போடவே இல்லை. கையிலிருந்து வழுக்கிப் போனது.

எழுபதுகளின் கடைசி. மற்ற ஊர்களுக்குக் கபடி, கைப்பந்து என்று இருந்தபோது ஆரணியில் எங்கள் தெருவுக்கு மட்டும் கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்திருந்தது. காரணம், நான் படித்த கல்லூரிக்கு வந்து சேர்ந்த விளையாட்டு ஆசிரியர். தெற்கத்திக்காரர். கோச் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் அதை ஊத மாட்டார். கவிழ்த்துப் போட்ட இரும்பு வாளியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தப்பு செய்தவன் தானாகவே திரும்பி அவரைப் பார்ப்பான். அவர் லேசாகத் தலையை ஆட்டினால் போதும்.

ஆடும் ஐந்து பேரில் மூன்று பேர் எங்கள் தெருவில் தறி போட்டிருந்த வீட்டுப் பிள்ளைகள். அதனால் சாயங்காலம் தறி நின்றதும் தெருவே மைதானத்துக்கு வந்துவிடும். சாயம் போடுகிறவர் முழங்கை வரைக்கும் நீலமாக வருவார். எங்கள் எதிர்வீட்டு அத்தை, நூல் சுற்றுகிற ராட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்து சுற்றுச்சுவர் ஓரமாக நிற்பாள். சொந்த அத்தை இல்லை, கூப்பிட்டுப் பழகிய அத்தை. ஆட்டம் அந்தக் கூட்டத்தில் அவளுக்குத்தான் சரியாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். மேற்கிலிருந்து வரும் வெளிச்சத்தில் புழுதி மஞ்சளாக எழும்பி, எல்லாரும் அதற்குள் மிதந்துகொண்டிருப்போம். அந்தச் சாயங்காலங்களில் எனக்கு உடம்பு இருந்ததாகவே ஞாபகம் இல்லை.

என்னை ஆட விடச்சொல்லிக் கேட்க ஒரு நாள் கோச் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை. காலையில் கல்லூரிக்குப் போகும்வரை நானும் அதே தறியில் உட்காருகிறவன். என் கையை இழுத்து, ஒற்றைப் பட்டு இழையை உள்ளங்கையின் குறுக்கே மெதுவாக ஓடவிட்டார். இழை தண்ணீரில் போவதுபோல் போயிற்று.

“பாத்தீங்களா சார்? கை சொரசொரன்னு ஆச்சின்னா இழை மாட்டிக்கும், சேலையில பிசிறு தூக்கிடும். உங்க பந்து புள்ளிப் புள்ளியா கீது. ஆடட்டும், நான் வேணாங்கல. தெனம் இப்படித்தான் பாப்பேன். நூலு மாட்டுச்சோ, அன்னியோட பந்து காலி.”

கோச்சுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தன் கையையும் நீட்டினார். அப்பா இழையை விட்டார். கோச்சின் விரலடியிலேயே அது மாட்டிக்கொண்டது.

“உங்க கை தறிக்கு ஆவாது சார்,” என்று சிரித்தார் அப்பா. அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் எல்லாம் நன்றாகவே போயிற்று. ஆட்டம் முடிந்து வந்து விளக்கெண்ணெய் தடவிக்கொள்வேன், அப்பா நூலை விடுவார், அது நழுவிப் போகும். அடுத்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி வேலூரில் என்று சொன்னார்கள். மூன்று நாள். நாங்கள் கோப்பையோடுதான் திரும்புவோம் என்று தெருவே முடிவு செய்துவிட்டது. கல்லூரிக் கமிட்டியில் இருந்த பட்டு வியாபாரி ஒருவர், நாங்கள் முதலாளி என்று கூப்பிடுகிறவர், அரக்குச் சிவப்பில் பனியன் தைத்துக் கொடுத்தார். களம்பூர் அரிசி மில்லிலிருந்து லாரி பிடித்தார். ரசிகர்கள் மூன்று நாளைக்கும் சேர்த்து இரண்டு அண்டா புளியோதரை கிளறினார்கள்.

அந்த வாரம் நான் கண்மண் தெரியாமல் பயிற்சி செய்தேன். உள்ளங்கை காய்த்து, இரண்டு இடத்தில் வெடித்துவிட்டது. அப்பாவின் நூலுக்குப் பயந்து எண்ணெயைக் கூட்டினேன். புறப்படுகிற அன்றைக்கு விடியற்காலையில் வெடிப்புக்குள்ளெல்லாம் நிறையும்படி ஊற்றித் தேய்த்துவிட்டுக் கையை நீட்டினேன். நூல் வழுக்கிக்கொண்டு போயிற்று. “பலே,” என்றார் அப்பா. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு லாரியில் ஏறினேன். போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

வேலூரில் ஆட்டம் தொடங்கி, உடம்பு சூடேறி வியர்த்ததும் எண்ணெய் வெளியே வந்தது. முதல் பந்து கையில் நிற்கவில்லை. இரண்டாவது எதிராளியின் கைக்குப் போயிற்று. மூன்றாவதுதான் நான் சொன்ன அந்தப் பந்து. வளையம் எனக்கு நேரே இருந்தது, பக்கத்தில் ஒருவரும் இல்லை. எங்கள் ஜனம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. பந்து என் விரல்களை விட்டுப் பக்கவாட்டில் போய்ப் புழுதியில் உருண்டது.

கோச் என்னை வெளியே கூப்பிட்டார். “கையைக் காட்டு,” என்றார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். தன் துண்டால் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“தேய். நல்லா அழுத்தித் தேய்.”

மண்ணை மூடிக்கொண்டு நின்றேன். தேய்த்தால் வெடிப்பு இன்னும் பிளந்துவிடும். வீட்டுக்குப் போனதும் நூல் மாட்டும், பந்து காலி. எனக்கு அந்த நேரத்தில் ஆட்டம் தெரியவில்லை, ரசிகர்கள் தெரியவில்லை, அப்பாவின் விரலும் இழையும்தான் தெரிந்தன. விரலை விரித்தேன். மண் கொட்டிவிட்டது.

கோச் என் முகத்தையே பார்த்தார். “சரி, உக்காரு,” என்றார்.

பதினோரு மணிக்கெல்லாம் தோற்றுப்போய்விட்டோம். முதல் ஆட்டத்திலேயே வெளியே. லாரி வழியில் ஒரு கிணற்றடியில் நின்றது. மூன்று நாள் புளியோதரையை ஒரே மத்தியானத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு தின்றோம். லாரி கிளம்பியதும் கோச் என் பக்கத்தில் சாக்கின் மேல் வந்து உட்கார்ந்தார்.

“எண்ணெய் விஷயம் உனக்கும் எனக்கும் இருக்கட்டும். உங்கப்பா காதுக்குப் போச்சுன்னா உன் ஆட்டம் நின்னுபோகும். அடுத்த தடவை மண்ணைத் தேய்ச்சுக்கோ.”

அதற்குள் லாரியின் முன்பக்கம், கோச் என்னை உட்காரவைத்தது சரியா தப்பா என்று கட்சி பிரிந்துவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தறிக்குப் போகும் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைக்கிற வேலை. ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து இரண்டு பக்கமும் நிற்கும், அறுந்த இழையை முடிபோடும். எதிரெதிரே நின்றால் வாய் சும்மா இருக்குமா?

“இன்னாய்யா அநியாயம்!” என்று ஆரம்பித்தார் சாயக்காரர். “அங்க ஆட்டம் நடந்துகினு கீது, இந்தாளு புள்ள கையப் புடிச்சி ரேகை பாத்துகினு கீறாரு!”

“மோந்து வேற பாத்தாருப்பா.”

“மண்ணெடுத்து வெச்சாரே, அது இன்னா? பரிகாரம்! அந்த மண்ணு கீழ கொட்டிடிச்சி. சகுனம் சரியில்லன்னு நல்லா ஆடறவனக் குந்த வெச்சிட்டாரு.”

எதிர்ப்பக்கம் நின்ற அத்தைக்கு வந்ததே கோபம்! “போங்கய்யா! அமாவாசைக்குத் தறியே ஓடாது, அன்னிக்குக்கூட பிராக்டீஸ் வெச்ச மனுசன். அவரு போயி ரேகை பாப்பாரா?”

“அப்போ கைய எதுக்குப் பாத்தாருங்கறே?”

“அத அவனத்தான் கேக்கணும்.” என் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லுடா. இன்னா நடந்துச்சு?”

எல்லாக் கையும் நின்றது. அப்பா நாலு ஆள் தள்ளி நின்றிருந்தார். “இழை அறுந்துடுச்சி அத்தை,” என்று சொல்லிக் குனிந்துகொண்டேன். இழை எதுவும் அறுந்திருக்கவில்லை.

அதன் பிறகு பாவு நீட்டிய காலையெல்லாம் இதே பேச்சு. மாம்பழ நிறப் பாவின் மேல் வெயில் விழும்போது தெருவே மஞ்சளாகிவிடும். சண்டை போடுகிறவர்களின் முகத்திலும் அந்த நிறம் ஆடும். குரல்கள் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எனக்குக் கேட்கும். கோச்சைத் திட்டிக்கொண்டே ஒருவர் இழையை எடுத்துக் கொடுப்பார், கோச்சுக்காகப் பேசுகிறவர் அதை வாங்கி முடிபோடுவார். சாயக்காரர் பக்கம் ஆள் கூடிக்கொண்டே போயிற்று. அத்தை பக்கத்தில் கடைசியில் அத்தை மட்டும்தான் இருந்தாள்.

வேடிக்கை என்னவென்றால், கோச்சைத் திட்டியவர்களே அவரிடம் கையை நீட்டவும் ஆரம்பித்தார்கள். டீக்கடையில் ஒருவர் தன் மகளுக்குக் கல்யாணம் எப்போது கூடும் என்று உள்ளங்கையைக் காட்டினார். “எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க,” என்றார் கோச். தெரிந்துகொண்டே சொல்ல மாட்டேன் என்கிறார் என்று ஊர் பேசிக்கொண்டது.

எனக்கோ போகிற இடமெல்லாம் உபசாரம். “பாவம், வெளயாட வேண்டிய புள்ளைய உக்கார வெச்சிட்டானே,” என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது. சில சமயம் அவர்கள் சொல்வதுதான் நடந்தது போலவும், எண்ணெய் நான் கண்ட கனவு போலவும் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளி வீட்டுக் கூடத்தில் கமிட்டியைக் கூட்டினார்கள். கோச்சை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. ரசிகர்களும் வாசல் வரைக்கும் நின்றார்கள். அப்பா எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கோச் ஜன்னலோரமாக நின்று, முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த பச்சை நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்,” என்றார் முதலாளி. “அவரு உன் கையப் பாத்தாரா, இல்லியா?”

“பாத்தாருங்க.”

“மண்ணு வெச்சாரா?”

“வெச்சாருங்க.”

அவ்வளவுதான் கேட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. எண்ணெய் என்ற அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. கோச்சிடம் கேட்டபோது, “ஆமாங்க, பார்த்தேன்,” என்று மட்டும் சொன்னார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் உளறிவிடுவேன் என்று பயந்திருப்பார் என்று பிறகு தோன்றியது.

மறுநாளே குழுவை வேறொருவரிடம் கொடுத்தார்கள். கோச் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த மாசமே புறப்பட்டுவிட்டார். வழியனுப்பப் பஸ் நிலையத்துக்கு அத்தை ஒருத்திதான் போயிருந்தாள். நான் பழவண்டிக்குப் பின்னால் நின்றேன். அவர் டிரங்குப் பெட்டியைக் கூரைக்கு ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார். கையை உயர்த்தினார். எனக்கு அந்த உள்ளங்கை மட்டும்தான் தெரிந்தது.

அத்தை என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள். “கமிட்டியில சொன்னதுக்கு மேல ஒரு வார்த்த உங்கிட்ட இருந்துச்சி இல்ல?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இரண்டு கையிலும் வைத்து, எரிகிறவரைக்கும் தேய்த்தேன். வெடிப்பில் ரத்தம் கசிந்தது. பந்து கையில் ஒட்டிக்கொண்டு நின்றது, நினைத்த இடத்துக்குப் போயிற்று, எல்லாரும் கைதட்டினார்கள். கோச் உட்காரும் வாளி மட்டும் காலியாக இருந்தது. நான் எண்ணெய் தொடாமல், கழுவாமல் வீட்டுக்கு வந்து, அப்பாவுக்கு முன்னால் கையை நீட்டினேன். இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, பந்து போனால் போகட்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

அப்பா இழையை எடுத்து ஓடவிட்டார். அது நடுக்கையில் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் இழுத்துப் பார்த்தார்.

“மாட்டுதே,” என்றார். “ரெண்டு நாளைக்குத் தறியில குந்தாத. பாவு வேலையப் பாரு. எண்ணெ வெச்சா ஜல்தியா ஆறிப்பூடும்.”

“பந்து?” என்றேன்.

“பந்துக்கு இன்னா? ஆறினதும் ஆடேன்,” என்று சொல்லிவிட்டு அப்பா தறிக்குத் திரும்பினார்.

நான் கையை மடக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கோச்சின் பஸ் அந்நேரம் வெகுதூரம் போயிருக்கும்.